குறை சொல்லாமல் கை கழுவக் கூடாது

சென்ற மாதம் அட்டாளைச்சேனையில் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி நாள் வைத்திருந்தார்கள். ஓய்வு பெற்றவர்தானே, வீட்டில் சும்மா இருக்கிறார், வந்து நாலு வார்த்தை கதைக்கட்டும் என்று என்னையும் கூப்பிட்டார்கள். நானும் நல்ல அபாயா ஒன்றை உடுத்திக்கொண்டு போய், சம்பளம் இல்லாமல் மென்பொருள் எழுதும் தொண்டர்களை எப்படிச் சேர்ப்பது, சேர்த்தவர்களை எப்படி வைத்திருப்பது என்று வாய் வலிக்கக் கதைத்தேன்.

முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பியது.

"மிஸ், இப்ப ஏஐயிட்டக் கேட்டா அதுவே கோட் எழுதித் தருது. பிழையையும் அதுவே திருத்துது. அப்ப இந்தத் தொண்டர்மார் எதுக்கு?"

மண்டபம் சிரித்தது. நான் பதில் சொல்ல வாய் திறந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணியும் ரோல்ஸும் வந்துவிட்டன. எங்கள் பகுதியில் ரோல்ஸைத் தாண்டி உயிரோடிருக்கும் கேள்வி எதுவும் இல்லை. ஆனால் நிந்தவூருக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் அந்தக் கேள்வி எனக்குப் பக்கத்து ஆசனத்திலேயே வந்தது. ரோல்ஸ் வராவிட்டாலும் அப்போது என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை என்பதுதான் எனக்குக் கோபம். இப்போது இருக்கிறது. அந்தப் பிள்ளையின் பெயரை விசாரிக்காமல் வந்துவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

என் உத்தியோகத்தின் முற்பகுதியை நாலு வரியில் சொல்லிவிடலாம். கல்முனையில் தட்டெழுத்துப் படித்து ஒரு கந்தோரில் தட்டச்சாளராகச் சேர்ந்தேன். ஒருநாள் தட்டச்சு இயந்திரம் இருந்த மேசைக்குக் கணினி வந்தது. மற்றவர்கள் அதற்குத் துணி போர்த்தி வைத்தார்கள், நான் துணியை எடுத்தேன். அன்றிலிருந்து கந்தோரில் எந்தக் கணினி நின்றாலும் 'பரீதாவைக் கூப்பிடுங்க' என்றாகிவிட்டது. கொழும்புக்கு அனுப்பிப் புரோகிராம் எழுதவும் படிப்பித்தார்கள். படித்ததில் பாதி விளங்கியது. மீதியை, விளங்கியவர்களிடம் வேலை வாங்கப் பழகிச் சமாளித்தேன். இந்த இரண்டாவது திறமைதான் பிற்காலத்தில் எனக்குச் சோறு போட்டது.

ஏனென்றால் கடைசியாக நான் பார்த்த வேலை அதுதான். 'முறைத்தண்ணி' என்ற மென்பொருளுக்குத் தொண்டர்களைச் சேர்த்து வளர்க்கும் வேலை. அதை எழுதியவர் ஹாரிஸ் சேர். எங்கள் ஊர்க்காரர், பொறியியலாளர், வளைகுடாவில் நீண்டகாலம் வேலை செய்து திரும்பியவர்.

சிறுபோகம் என்ற கோடை நெற்செய்கைக் காலத்தில் குளத்தில் தண்ணீர் குறைவு. ஆகவே வாய்க்காலில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விடமாட்டார்கள். இந்த வட்டை வயல்களுக்கு இன்றைக்கு, அந்த வட்டைக்கு நாளைக்கு என்று முறை வைத்து விடுவார்கள். யாருடைய முறை எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று கணக்குப் பார்த்து, விவசாயிக்கும், வயல் மடைகளைத் திறந்து பூட்டும் வட்டவிதானைக்கும் போனில் குறுஞ்செய்தி அனுப்புவதுதான் முறைத்தண்ணியின் வேலை. அது வருவதற்கு முன் முறை மாறும் நாட்களில் வாய்க்கால் கட்டில் மண்வெட்டியோடு நிற்பார்கள், சில நேரம் மண்வெட்டி மண்ணை வெட்டுவதற்கு மட்டும் பயன்படாது.

சேர் அதைத் திறந்த மூல மென்பொருளாக வைத்திருந்தார். அதாவது பூட்டு இல்லாதது. உள்ளே எழுதியிருப்பதை யாரும் பார்க்கலாம், எடுத்துப் பாவிக்கலாம், பிழை கண்டால் திருத்தம் எழுதி அனுப்பலாம். அதைச் சேர்ப்பதா விடுவதா என்று நடக்கும் கதை பேச்செல்லாம் இணையத்தில் உலகம் பார்க்க நடக்கும். ஒரு நன்கொடை அமைப்பு எனக்குச் சம்பளம் தந்தது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டது. எல்லாம் ஹாரிஸ் சேர் என்ற ஒரு மனிதரின் தலையில் நிற்கிறது, அவருக்கு ஏதும் ஆனால் இது செத்துவிடும், அப்படி ஆகாமல் ஆட்களைச் சேருங்கள் என்றது.

சேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைப் போல மரியாதையான மனிதரை நான் கண்டதில்லை. மீன்காரர் வாசலில் நின்றாலும் கதிரையை விட்டு எழும்பி நிற்பார். 'இல்லை' என்ற சொல் அவர் வாயில் வராது, 'பார்ப்பமே' என்றுதான் வரும். எங்கேயோ இருக்கும் ஒருவர் முறைத்தண்ணிக்கு ஒரு திருத்தம் அனுப்பினால், சேர் உடனே பதில் எழுதுவார்: 'மாஷா அல்லாஹ், மிக அருமையான வேலை. உங்களுக்கு எங்கள் நன்றி.' பிறகு விடிகாலைச் சுபஹு தொழுதுவிட்டு வந்து கணினிக்கு முன் இருந்து, அந்த அருமையான வேலையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் காதும் காதும் வைத்தாற்போல் தானே மாற்றி எழுதுவார்.

அனுப்பியவர் மறுபடி வரமாட்டார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஒருமுறை வந்து போனவர்கள் நிறைய இருந்தார்கள், இரண்டாம் முறை வந்தவரைத் தேட வேண்டியிருந்தது.

வந்து போனவர்களில் நெல்சன் என்றொருவர் இருந்தார். கல்முனையில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவர், மெதடிஸ்த சேர்ச்சில் ஓர்கன் வாசிப்பவர், கோட் எழுதுவதைத் தானாகப் படித்தவர். அவருடைய கடைக்கே போய், போனுக்குக் கண்ணாடி மாற்றும் சாட்டில் கேட்டேன்.

"ஏன் தம்பி மறுகா ஒண்டும் அனுப்பல்ல?"

"அக்கா, கோபிக்கப்படா. நான் அனுப்பினதில ஒரு வரி மிச்சமில்ல. நல்லா இருந்தா ஏன் மாத்தின? கூடாட்டி ஏன் நல்லம் எண்டு சொன்ன?"

"சேர் உங்கட மனசு நோகப்படா எண்டு..."

"இப்பதான் அக்கா நொந்தது."

கண்ணாடிக்குக் காசு வாங்கவும் மறுத்துவிட்டார். நான் அந்தக் கோபத்தோடு நேரே சேர் வீட்டுக்குப் போனேன். அவர் வழக்கம்போல் எழும்பி நின்றார்.

"சேர், நம்மட நிக்காஹ் வீட்டில ஆர் கடைசி வரைக்கும் நிக்கிற? சஹன்ல இருந்து திண்டவனா, முதல் நாள் வெங்காயம் உரிச்சவளா?"

"அது... உரிச்சவங்கதான்."

"திண்டவன் கையக் கழுவிட்டுப் போயிருவான். நீங்க வாறவன் எல்லாரையும் சஹன்ல இருத்திக் கைக்குத் தண்ணி ஊத்திறீங்க. ஒருத்தனுக்காவது ஒரு வெங்காயம் குடுத்தீங்களா?"

சஹன் என்றால் எங்கள் விருந்துத் தட்டு. பெரிய தட்டு ஒன்றில் சோற்றையும் கறிகளையும் பரப்பி, சுற்றி ஐந்தாறு பேர் இருந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். வீட்டுக்காரர் கைக்குக் கீழே பிடிக்கும் படிக்கமும் தண்ணீர்க் கெண்டியும் கொண்டுவந்து முன்னும் பின்னும் கைக்குத் தண்ணீர் ஊற்றுவார். விருந்தாளி எழும்பிப் போய்க் கை கழுவினால் அது வீட்டுக்காரருக்கு இழுக்கு. சேர் மென்பொருளையும் அப்படித்தான் நடத்தினார். எங்கள் ஊர் மரியாதையால் எங்கள் ஊரார் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது.

சேர் மெல்லக் கதிரையில் இருந்தார். "பார்ப்பமே," என்றார். நான் அதை 'ஓம்' என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து ஒரு முறை கொண்டுவந்தேன். செய்ய வேண்டிய வேலைகளில் சின்னஞ் சிறியவற்றை, சேர் கை வைத்தால் கண் மூடித் திறக்க முடித்துவிடக் கூடியவற்றை, அவர் தொடக்கூடாது என்று ஒதுக்கினேன். ஒரு சொல்லின் எழுத்துப்பிழை, ஒரு பொத்தானின் இடம், சிங்களத்தில் மொழிபெயர்க்க வேண்டிய ஒரு வசனம். அவற்றுக்கு 'வெங்காயம்' என்று பெயர் வைத்தோம். புதிதாக வருபவருக்கு நன்றியுரை கிடையாது, ஒரு வெங்காயம் கிடைக்கும். கண் எரிந்தாலும் அவரே உரித்து முடிக்க வேண்டும். சேருக்குக் கை ஊறும். "பரீதா மிஸ், இது ஒரு வரிதானே, நானே..." என்று தொடங்குவார். "அது வெங்காயம் சேர்," என்பேன். கையை எடுத்துவிடுவார்.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முக்கியமாக, திரும்பவும் வரத் தொடங்கினார்கள். மன்னாரிலிருந்து ஒருவர், அம்பாறை நகரத்திலிருந்து ஒரு சிங்களப் பிள்ளை, எங்கேயோ கனடாவில் பனியில் இருந்துகொண்டு வயல் பார்க்கும் ஒருவர். 'வெங்காயம் இரிக்கா ராத்தா?' என்று செய்தி வந்தால் எனக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோசம். நெல்சனும் திரும்பி வந்தார்.

அப்படி வந்தவர்களில் ஒருத்திதான் ரிஸானா. பாலமுனையில் வீடு. பட்டப்படிப்பு முடித்து, பிள்ளைகளுக்குக் கணக்கு டியூசன் கொடுப்பவள். புருசனுக்குச் சாகாமத்துப் பக்கம் வயல், அதுவும் வாய்க்காலின் ஆகக் கடைசியில். கடை மடைக்காரருக்கு முறைத்தண்ணி என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் அவளிடம் ஒரு குணம். யார் எதை எழுதினாலும் கீழே 'மாஷா அல்லாஹ், நல்லா இருக்கு' என்று போட்டுவிடுவாள். அவள் மட்டுமல்ல, எல்லாரும் அப்படித்தான். வேலை செய்யப் பழகியிருந்தார்கள், ஒருவர் வேலையை ஒருவர் பிழை என்று சொல்ல யாரும் பழகவில்லை. அதைச் சேர் இன்னும் தனியாக, சுபஹுக்குப் பிறகு செய்துகொண்டுதான் இருந்தார்.

அந்த நிலையில்தான் சேருக்குக் கண் போனது. விழித்திரை கழன்றுவிட்டது என்றார்கள். கொழும்பில் சத்திரசிகிச்சை செய்தார்கள். பார்வை திரும்பும், ஆனால் மாதக் கணக்கில் கணினிப் பக்கம் தலை வைத்தும் படுக்கக் கூடாது என்றார் வைத்தியர்.

ஒரு துன்பம் வந்தால் அதற்குத் துணையும் வரும். அந்த வருசம் மழை பொய்த்துவிட்டது. சிறுபோகத்துக்கான ஆரம்பக் கூட்டத்தில், குளத்தில் இருக்கும் தண்ணீருக்கு வழக்கமான முறை கட்டாது, ஒவ்வொரு முறையையும் பாதியாக வெட்டிக் குறுகிய முறை விடுவது என்று தீர்மானித்தார்கள். முறைத்தண்ணிக்கு அந்தக் கணக்குத் தெரியாது. குளத்தின் மதகுக் கதவு திறப்பதற்கு முன் புதிய பதிப்பு வராவிட்டால், பழையபடி மண்வெட்டிதான். அதுவும் தண்ணீரில்லாத வருசத்தில்.

நெல்சன் முன்வந்தார். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் குறுகிய முறைக்கான பகுதியை எழுதி அனுப்பினார். துப்புரவான வேலை. எல்லாரும் வந்து கீழே எழுதினார்கள், நல்லம், மிக நல்லம், மாஷா அல்லாஹ் என்று. ரிஸானாவும் எழுதினாள்.

அன்று பின்னேரம் என் போனுக்கு அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. "ராத்தா, நெல்சன்ட கணக்குச் சரி வராது. மதகுக் கதவைத் திறந்த உடனே எங்கட வயலுக்குத் தண்ணி வந்திருமா? அது நடந்து வரத் தேவல்லயா? நீங்களே மாத்தி உட்டிருங்க. நான் சொன்ன எண்டு சொல்லிராதீங்க."

உடனே எடுத்தேன்.

"என்ன புள்ள, அங்க ஒரு கதை, இஞ்ச ஒரு கதை?"

"நான் என்ன ராத்தா செய்ற? எல்லாரும் பாக்கிற இடம். அவர் கடையப் பூட்டாக் குறையா உட்டுட்டுச் செஞ்சிருக்கார். தமிழாக்கள்ட வேலையில முஸ்லிம் பொம்புள பிழ புடிச்ச எண்டு ஒரு கதை கிளம்பினா?"

"பிழையை உட்டா உன்ட வயல்தானே புள்ள காயும்?"

மறுமுனையில் டியூசன் பிள்ளை ஒன்று ஏதோ கேட்டது, 'பொறு' என்றாள். பிறகு, "அது நெல்சன்ட பிழையும் இல்ல ராத்தா," என்றாள்.

"பின்ன ஆர்ட?"

"உடுங்க ராத்தா."

எங்கள் ஊர்களில் இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. ஒரு சின்னக் கதை இரண்டு ஊருக்குள் போய் என்னவாகத் திரும்பி வந்திருக்கிறது என்று என் வயதுக்காரர் எல்லாருக்கும் தெரியும். அவளை ஏச எனக்கு மனம் வரவில்லை.

பிழை எங்கே இருக்கிறதென்று எனக்கும் இப்போது தெரியும். கடை மடைக்கு மட்டும் நேரத்தைத் தள்ளிப் போட ஒரு தேத்தண்ணி ஊற்றிக் குடிக்கும் நேரம் போதும். கணினியைத் திறந்து அந்த வரியில் கையையும் வைத்துவிட்டேன். நெல்சனுக்கு நோகாது, ரிஸானாவுக்குப் பயமில்லை, வயலுக்கும் தண்ணீர் போகும். எவ்வளவு நல்ல காரியம்! அப்போதுதான் உறைத்தது, நான் இன்னொரு ஹாரிஸ் சேர் ஆகப் போகிறேன் என்று. இந்த வருசம் நான் திருத்துவேன். என் கண்ணுக்கு ஏதும் வந்தால்? கையை எடுத்துவிட்டு, புர்காவைப் போட்டுக்கொண்டு சேர் வீட்டுக்கு நடந்தேன்.

சேர் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். அந்தச் சிகிச்சைக்குப் பிறகு முகம் நிலத்தைப் பார்த்தபடியே கிடக்க வேண்டுமாம். என் குரலைக் கேட்டதும் எழும்பப் பார்த்தார். அவருடைய மனைவி முதுகில் ஒரு கையை வைத்து அழுத்தினார்.

"எழும்ப ஏலாமக் கிடக்கு மிஸ், மன்னிச்சுக்கொள்ளுங்க," என்றார் தலையணைக்குள்ளிருந்து. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஆள் வந்து அவர் எழும்பவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

நடந்ததைச் சொன்னேன். ஆட்களின் பெயரைச் சொல்லாமல்தான் சொன்னேன்.

"மிஸ், ஒரு மனிசன்ட குறையை மறைக்கிறது நன்மை எண்டு நாம சின்னதில ஓதி வளந்தது. நான் ஆரையும் ஏமாத்த அப்படிச் செய்யல்ல. உலகமே பாக்கிற இடத்தில ஒருத்தரைப் பிழைகாரனாக்க எனக்கு மனமில்ல."

அவர் சொன்னது உண்மை. நானும் அதையே ஓதி வளர்ந்தவள்தான்.

"சேர்," என்றேன், "ஒருத்தன்ட குறையை மட்டும் எடுத்துச் சொன்னா அவன் தனிச்சுப் போவான். எல்லார்ட குறையையும் எல்லாரும் சொன்னா ஆர் தனிக்கிற?"



"அப்ப என்டதில இருந்து தொடங்குங்க," என்றது தலையணை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பக்கத்து ஊர்களில் இருந்த தொண்டர்களை எல்லாம் என் வீட்டுக்குச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். தூரத்தில் இருந்தவர்கள் மடிகணினியின் திரையில் வந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பாயில் சஹன் வைத்தாயிற்று. சேரை அவருடைய மகன் கூட்டிவந்தார். அவருக்கு மட்டும் கதிரை, குனிந்த தலையோடு, கண்ணில் மூடி கட்டி. நெல்சன் அவருக்கு நேர் முன்னால் இருந்தார்.

சாப்பிட்டு முடிந்தது. எல்லாரும் கையை மடக்கிக்கொண்டு படிக்கத்துக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கறி காயக் காயப் பார்த்தார்கள். நான் கெண்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கதவடியில் இருந்துவிட்டேன்.

"இண்டைக்கு ஒரு சட்டம். ஆளுக்கு ஒரு குறை. முறைத்தண்ணியில எந்தக் குறை எண்டாலும் சரி. சொன்னாத்தான் கைக்குத் தண்ணி."

சிரித்தார்கள். பகிடி என்று நினைத்தார்கள். நான் எழும்பவில்லை. எங்கள் ஆட்களுக்குச் சோற்றுக் கையோடு எழும்பிப் போய்க் குழாயடியில் கழுவவும் வெட்கம், அது எனக்கு நல்லாகத் தெரியும்.

சேர் தலையைக் குனிந்தபடியே சொன்னார், "முதல்ல என்ட கோட்ல சொல்லுங்க. நெல்சன் தம்பி, முறைக் கணக்குப் பகுதியை வாசியுங்க. ஒவ்வொரு வரியா."

நெல்சன் இடது கையால் மடிகணினியை இழுத்து, சேர் பல வருசங்களுக்கு முன் எழுதியதைச் சத்தமாக வாசித்தார். மதகுக் கதவு திறக்கும் நேரம் எதுவோ, அதுவே வாய்க்காலில் உள்ள எல்லா மடைக்கும் முறை தொடங்கும் நேரம். வாசித்துவிட்டு, "இதைத்தான் நானும் அப்படியே எடுத்தன்," என்றார்.

பெண்கள் பக்கத்தைப் பார்த்தேன். ரிஸானா சஹனில் மிஞ்சிய சோற்றை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"சேர்," என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள். "சேர், கதவைத் திறந்தா எங்கட மடைக்குத் தண்ணி வர அடுத்த நாளாகும். மெசேஜ் செவ்வாய் எண்டு வந்தா நாங்க புதன்தான் வட்டைக்குப் போற. வட்டவிதானையும் ஒரு நாள் தள்ளித்தான் மடையப் பூட்டுவார். கடை மடையில எல்லாருக்கும் இது தெரியும்."

"எப்ப இருந்து?" என்று கேட்டார் சேர்.

"துவக்கத்தில இருந்தே சேர்."

"ஏன்மா ஆரும் எனக்குச் சொல்லல்ல?"

"நீங்க எவ்வளவு நல்ல மனிசன். எங்களுக்காகச் செஞ்ச. உங்களிட்ட எப்படிச் சொல்ற?" அவள் அழத் தொடங்கிவிட்டாள். அழுதுகொண்டே கணக்கைச் சொல்லி முடித்தாள். முறை நீண்டதாக இருந்த வரைக்கும் ஒரு நாளைத் தள்ளிச் சமாளிக்க முடிந்தது. இப்போது முறை பாதி. தண்ணீர் கடை மடைக்கு வந்து சேரும்போது அந்த முறை முடிந்து, தண்ணீர் வேறு வட்டைக்குச் சொந்தமாகிவிடும். வட்டவிதானை மடையைப் பூட்டித்தான் ஆகவேண்டும். பயிர் கதிர் கருக்கட்டும் குடலைப் பருவத்துக்கு வரும் நேரம் கடைசி வயல்களுக்கு ஒரு சொட்டும் கிடையாது.

நான் சேரின் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு பார்த்தேன். கட்டிய கண்ணோடு அந்த மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு காலமா கடை மடைக்காரர் எல்லாரும் சேந்து என்ட குறையை மறைச்சிருக்காங்க," என்றார். "மறைச்சு மறைச்சு அவங்கட வயலைக் காயப் போட்டிருப்பாங்க போல கிடக்கே. ரிஸானா மகள்ட கைக்குத் தண்ணி ஊத்துங்க மிஸ்."

ஊற்றினேன்.

நெல்சன் எழும்பாமல் அப்படியே அவள் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, ஒவ்வொரு மடைக்கும் தண்ணி வர எவ்வளவு நேரம் எண்டு தெரியுமா?"

"எங்கட பக்கம் தெரியும். மத்ததை வட்டவிதானைமாரிட்டக் கேக்கலாம்."

"நீங்க கேட்டுத் தாங்க, நான் எழுதுறன். மறுகா நீங்கதான் பாத்துப் பிழை சொல்லணும். நல்லா இரிக்கு எண்டு மட்டும் போட்டீங்க எண்டா நான் கல்முனைல இருந்து வந்து சண்டைக்கு நிப்பன்."

அதற்குப் பிறகு வாய்கள் திறந்துகொண்டன. கெண்டியோடு நான் ஓடியோடி ஊற்ற வேண்டியதாயிற்று. எழுத்துச் சிறியது என்றார் ஒருவர். சிங்கள வசனம் அதிகாரி ஏசுவதுபோல் இருக்கிறது என்றது அம்பாறைப் பிள்ளை திரையிலிருந்து. கனடாக்காரர், தனக்குச் சாப்பாடும் இல்லை, கழுவக் கையும் இல்லை, ஆனாலும் குறை உண்டு என்று சொல்லி ஒன்றல்ல, கொத்தாகச் சொன்னார். வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்தபோதும் கதை நிற்கவில்லை.

மதகுக் கதவு திறப்பதற்கு முன் புதிய பதிப்பு போனது. நெல்சன் எழுதியதை ரிஸானா இரண்டு தடவை திருப்பி அனுப்பினாள், உலகம் பார்க்க. ஊரில் ஒரு கதையும் கிளம்பவில்லை. முறை வந்த நாள் காலையில் அவள் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். வெடித்துக் கிடந்த வயற் கண்டத்துக்குள் கலங்கல் தண்ணீர் நாக்கை நீட்டுவதுபோல் மெல்ல மெல்ல வருகிறது. பின்னால் அவளுடைய புருசன் யாரிடமோ, 'மெசேஜ்ல சொன்ன நேரம்தான்டா, சரியா வருது' என்று சத்தம் போடுகிறார். அந்தச் சிறுபோகத்தில் எல்லாருக்கும் விளைச்சல் குறைவுதான். ஆனால் கடை மடையிலும் அறுவடை இருந்தது.

சேருக்குப் பார்வை திரும்பிவிட்டது. இப்போதும் எல்லாருக்கும் எழும்பித்தான் நிற்கிறார். ஆனால் சுபஹுக்குப் பிறகு கணினியைத் தொடுவதில்லை, கடற்கரைக்கு நடக்கப் போகிறார். முறைத்தண்ணியை இப்போது ரிஸானாவும் நெல்சனும் இன்னும் சிலரும் சேர்ந்து பராமரிக்கிறார்கள். யார் என்ன அனுப்பினாலும் ஒரு குறையாவது சொல்லாமல் அதைச் சேர்க்கக் கூடாது என்பது எழுதாச் சட்டம். புதிதாக வரும் ஆட்களுக்குக் காரணம் தெரியாது. 'கை கழுவியாச்சா?' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள்.

பயிற்சி நாளில் கேள்வி கேட்ட பிள்ளைக்கு வருகிறேன். மகளே, நீ சொன்ன ஏஐயிடம் நானும் வீட்டுக்கு வந்து ஒரு கோட் எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். வேண்டுமென்றே மட்டமாக எழுதினேன். 'மிக அருமையான வேலை' என்று சொல்லிவிட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் தானே மாற்றி எழுதித் தந்தது. எனக்குப் பழைய ஹாரிஸ் சேரைத் திரும்பக் கண்டதுபோல் இருந்தது. நல்ல மனிதர்தான், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஏஐக்குப் பாலமுனையில் வீடும் கடை மடையில் வயலும் இல்லையே. தன் வயல் காயும் என்று தெரிந்தும் வாய் திறக்கப் பயந்த ஒருத்தி, ஒருநாள் பயத்தை விழுங்கிவிட்டு வாய் திறந்தாளே, அந்த வாய்க்காகத்தான் தொண்டர்கள். கோட் யாரும் எழுதட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பொழுது போகவில்லை. போன கிழமை முறைத்தண்ணியில் ஒரு வசனம் கண்ணில் குத்தியது. திருத்தி, நானும் ஒரு சாதாரண ஆளாக என் பெயரைப் போட்டு அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. எழுதியவர் பெயரை நான் கேள்விப்பட்டதில்லை, ஊரும் எனக்குத் தெரியாத ஊர். அவருக்கும் என்னைத் தெரியாது.

'வணக்கம் பரீதா. நன்றி. ஆனால் இதில் ஒரு குறை இருக்கிறது' என்று தொடங்கியிருந்தார்.

குறை சரியான குறை. நான் எழும்பிப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டுத் திருத்த இருந்தேன்.